அமீனா வந்தா மட்டும் கம்பெனி

வா மாப்ளே, உக்காரு. கோட்டைக் கழட்டிக் கொடியில போடு, வேர்த்து நனைஞ்சு கெடக்குது. கேஸ் ஜெயிச்ச சேதியை என்ற தங்கச்சி காத்தாலயே போனுல சொல்லிப்போட்டா. எனக்குச் சொன்னதோட உட்டாளா? ஒறம்பரை முச்சூடும் கூப்புட்டுச் சொல்லி, இந்நேரம் சேதி தாராபுரம் தாண்டியிருக்கும். மொதல் விபத்துக் கேஸு, எதுக்கால நின்னது கவர்மெண்ட்டு பஸ்ஸு, 12 லட்சம் வாங்கிக் குடுத்திருக்கே. நெம்பச் சந்தோசம் சாமி.

அந்த லட்டு டப்பாவை மட்டும் பிரிக்காதே. அப்படியே எடுத்து ஃப்ரிட்ஜுல வை. எதுக்குன்னு முழிக்கறயா? நீ வாங்கினது பணம் தரச் சொல்லி எழுதின காயிதம். காயிதத்துக்கு லட்டுக் குடுக்கறவன் எளந்தாரி வக்கீலு. பணம் உன்ற கட்சிக்காரம்மா பாஸ்புக்குல ஏறினப்பறம் குடுக்கறவன் நரைச்ச வக்கீலு. உன்ற தலையில இன்னம் ஒண்ணுகூட வெளுக்கல.

நானு படிச்சது அஞ்சாங் கிளாஸு. ஆனா ஒரு வாய்க்காத் தகராறுல மாட்டி, பாதி ஆயுசைக் கோர்ட்டு வேப்பமரத்தடியில கழிச்சவன். நம்ம கேஸைக் கூப்புடற வரைக்கும் வக்கீல் குமாஸ்தாக்ககூட நாயம் பேசறதுதான் சோலி. ஜட்ஜய்யா சொல்றது தீர்ப்பு, குமாஸ்தா சொல்றது நெசம். அதுல கொஞ்சம் உனக்குச் சொல்றேன். ஃபீஸ் கேக்க மாட்டேன், காபித்தண்ணி மட்டும் நீ போட்டுக் குடு.

உன்ற மோட்டார் வாகனச் சட்டப் புத்தகத்துல 168-ஆம் பிரிவைப் பிரி. தீர்ப்புச் சொன்ன 30 நாளைக்குள்ள பணத்தைக் கட்டோணும்னு போட்டிருக்குதா? போட்டிருக்குது. எந்த வருசத்து 30 நாளுன்னு போட்டிருக்குதா? போடல. அங்கதான் நீ ஏமாந்தே.

உன்ற கட்சிக்காரம்மா மவன் செஞ்ச தப்பு என்னன்னு தெரியுமா? அடிபட்டது தப்பில்ல, பஸ்ஸைப் பாத்து அடிபடல. ஒரு கால் போறதுதான் போகுது, தனியார் பஸ்ஸுல போயிருந்தா என்ன? அதுக்கு இன்சூரன்ஸ் இருக்கும். அங்கயும் இழுப்பாங்க, அப்பீல் போவாங்க, லைசென்ஸ் சரியில்ல பெர்மிட்டு சரியில்லன்னு நொட்டை சொல்லுவாங்க. ஆனா பணம் எந்த ஊட்டுல இருக்குதுன்னு தெரியும். கதவைத் தட்டிட்டே இருந்தா ஒருநா செக்கு வந்து சேரும்.

கவர்மெண்ட்டு பஸ்ஸுக்குப் பெரும்பாலும் இன்சூரன்ஸே கெடையாது. நீ உன்ற ஸ்கூட்டர்ல இன்சூரன்ஸ் இல்லாம பெருந்துறை ரோட்டுல போ பாக்கலாம், மரத்துக்குப் பின்னால இருந்து ஒரு தொப்பி எட்டிப் பாக்கும். அதே ரோட்டுல அம்பது பேரை ஏத்திட்டுப் போற பஸ்ஸை ஆரும் நிறுத்திக் கேக்க மாட்டாங்க. ஏன்னா 1988-ஆம் வருசத்து மோட்டார் வாகனச் சட்டத்துல, எல்லா வண்டிக்கும் இன்சூரன்ஸ் வேணும்னு சொல்ற அதே 146-ஆம் பிரிவுல, அரசாங்க வண்டிக்கும் அரசுப் போக்குவரத்து நிறுவன வண்டிக்கும் விலக்குக் குடுக்கலாம்னு ஒரு சின்னக் கதவு வெச்சிருக்குது. சட்டம் எழுதறவன் தனக்குன்னு ஒரு கொல்லைக் கதவு வெச்சுக்கறது ஊர் வழக்கம்தான், அதை உடு. அந்தக் கதவுக்கு ஒரு பூட்டும் போட்டிருக்காங்க. அடிபட்டவங்களுக்குக் குடுக்கறதுக்குன்னு தனியா ஒரு நிதி வெச்சுப் பராமரிச்சாத்தான் விலக்கு. இதை மனசுல முடிஞ்சு வெச்சுக்கோ. அந்த நிதியை அப்பறம் தேடலாம்.

இப்ப பணம் கட்டவேண்டியது ஆரு? நீ பஸ்ஸைப் பாத்தே. நெத்தியில ‘அரசு’ன்னு எழுதியிருக்குது. டிப்போவுல மொதலமைச்சர் படம் மாட்டியிருக்குது. புதுப் பஸ்ஸு வந்தா அமைச்சர்தான் கொடியசைக்கறாரு. சரி, இது கவர்மெண்ட்டுன்னு நெனைச்சுட்டே. அதான் இல்ல. அது ஒரு கம்பெனி. ஆந்திராவுலயும் கர்நாடகத்துலயும் 1950-ஆம் வருசத்துப் போக்குவரத்துக் கழகச் சட்டத்துல கழகம் அமைச்சாங்க. நம்ம பக்கம் 1972 வாக்குல பல்லவன், பாண்டியன், சேரன்னு ஆரம்பிச்சப்பவே கம்பெனிச் சட்டத்துல பதிஞ்சு போட்டாங்க. அப்பறம் கட்டபொம்மன், நம்ம ஈரோட்டு ஜீவா. 1997-ல பேருகளால சண்டை வந்து எல்லாப் பேரையும் அழிச்சு, மெட்ராஸ் டவுன் பஸ்ஸுக்கு ஒண்ணு, தூரப் பயணத்துக்கு ஒண்ணு, விழுப்புரம், சேலம், கோயமுத்தூர், கும்பகோணம், மதுரை, திருநெல்வேலிக்குன்னு ஆறு, ஆக எட்டுக் கம்பெனியா நிக்குது. சேர சோழ பாண்டியர் பேரெல்லாம் போச்சு. கம்பெனிங்கற பேரு மட்டும் போகல. அது நெம்ப உபயோகமான பேராச்சே.

என்ன உபயோகம்னு சொல்றேன் கேளு. எங்க காலத்துல வடக்கால ஊர்ல ஒரு பண்ணாடி இருந்தாரு. நல்ல கறவை மாடு ஒண்ணு வெச்சிருந்தாரு. காத்தாலயும் சாயங்காலமும் பாலைச் சொம்புல புடிச்சுட்டுத் தெருவுல நடக்கறப்ப, ‘என்ற மாட்டுப் பாலு, என்ற மாட்டுப் பாலு’ன்னு மீசையை முறுக்குவாரு. ஒருநா அந்த மாடு கயித்தை அத்துட்டுப் போயி அடுத்த தோட்டத்துச் சோளத்தைப் பூராவும் மேஞ்சு போடுச்சு. சோளக்காரன் வந்து பஞ்சாயத்துல நிக்கறான். பண்ணாடி துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு, ‘அந்த மாடு எனக்குச் சொந்தமில்லைங்க. எங்கூட்டுக்காரி சீதனமாக் கொண்டாந்தது. அவகிட்டக் கேட்டுக்குங்க’ன்னாரு. ஊட்டுக்காரிகிட்டப் போயிக் கேட்டா, ‘என்ற கையில ஏதுங்க காசு, பால் காசெல்லாம் அவருதான் வாங்கிக்கறாரு’ன்னா. ரெண்டு பேரும் சொன்னது நெசம்தான். சோளக்காரன்தான் பொய்யாப் போயிட்டான்.

இந்த வித்தைக்கு மூலவர் அந்தப் பண்ணாடியும் இல்ல, நம்ம கோட்டையும் இல்ல. லண்டன்ல வொயிட்சேப்பல்னு ஒரு பேட்டையில பூட்ஸு தெச்சு வித்துட்டிருந்த ஏரன் சாலமன். நீயே போன நோம்பிக்கு வந்தப்பச் சொன்ன கதைதான். 1892-ல தன்ற யாவாரத்தைக் கம்பெனியாக்கினாரு. அவருக்கு 20,001 பங்கு. பொண்டாட்டிக்கும் அஞ்சு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒண்ணே ஒண்ணு. யாவாரம் நொடிச்சுப் போயி, கடன் பாக்கிக்கு அவரையே புடிக்கலாம்னு கேஸு போட்டாங்க. பிரபுக்கள் சபை வரைக்கும் போச்சு. அங்க என்ன சொன்னாங்க? சாலமன் வேற ஆளு, சாலமன் கம்பெனி வேற ஆளுன்னு சொல்லிப்போட்டாங்க. சீமைக்காரன் அன்னைக்குச் சொன்னதை நம்ம கோர்ட்டுகளும் புடிச்சுக்கிச்சு. கவர்மெண்ட்டு எல்லாப் பங்கையும் வெச்சிருந்தாலும் கம்பெனி சொத்து கம்பெனியோடது, கம்பெனி கடனும் கம்பெனியோடதுதான்னு.

செருப்புத் தெக்கிறவர் பொழைக்க வழி தேடினாரு, அதைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா சாலமன் டிக்கெட்டு விலையை அரசாணை போட்டு நிர்ணயிக்கலையே! நம்ம பஸ் கம்பெனி ஒரு ரூவா ஏத்தோணும்னா போர்டு மீட்டிங்குல ஏத்த முடியுமா? கோட்டையில இருந்து உத்தரவு வரோணும். 2018 சனவரியில கட்டணத்தை ஏத்தினது ஆரு, சனங்க ரோட்டுல உக்காந்ததும் அந்த மாசமே கொஞ்சம் கொறைச்சது ஆரு? பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ஸுல டிக்கெட்டு வேண்டாம்னு 2021 மே மாசம் சொன்னது ஆரு? நல்ல காரியம்தான், நான் நொட்டை சொல்லல. உங்கத்தை இப்ப ஒரு கட்டுக் கீரை வாங்கக்கூட பஸ்ஸேறி கோபிக்குப் போறா. ஊட்டுக்குப் பின்னால முளைச்சு நிக்கற கீரை அவளுக்குப் புடிக்கறதில்ல. அந்த இலவச டிக்கெட்டுக்கு மானியம்னு கவர்மெண்ட்டு கம்பெனிக்குப் பணமும் தருது. மேனேஜிங் டைரக்டரை வெக்கறதும் அதேதான், தீபாவளி போனஸ் எவ்வளவுன்னு சொல்றதும் அதேதான். இத்தனைக்கும் கையெழுத்துப் போடற கை, ஒரு கால் போனவனுக்குக் குடுக்கற தாளு வந்தா மட்டும், ‘அது தனி நிறுவனம், அங்க கேளுங்க’ன்னு சுருங்கிக்குது.

இதுல இன்னொரு கூத்து. அதே கம்பெனியில வேலைக்கு எடுத்ததுல அநியாயம், டெண்டர்ல அநியாயம்னு நீ ஐகோர்ட்டுல ரிட்டுப் போடு, அப்ப கோர்ட்டு அதை ‘அரசு’ன்னே எடுத்துக்கும். பங்கு முழுசும் கவர்மெண்ட்டோடதா, புடி கவர்மெண்ட்டு கையிலயா, அப்படின்னா அரசமைப்புச் சட்டத்து 12-ஆம் பிரிவுப்படி அது அரசுதான்னு 1981-ல அஜய் ஹாசியா கேஸுல சுப்ரீம் கோர்ட்டு அளவுகோலு போட்டுக் குடுத்திருச்சு. அப்ப வேலை கேட்டாக் கவர்மெண்ட்டு, காசு கேட்டாக் கம்பெனி. சட்டம் படிச்ச நீ சொல்லு, இது எந்தப் பாடத்துல வரும்? எனக்குத் தெரிஞ்சு இது தெருக்கூத்துல வரும். ஒரே ஆளு ராசா வேசமும் கட்டுவான், திரைக்குப் பின்னால போயி சேவகன் வேசமும் கட்டுவான்.

அந்தத் திரையைத் தூக்கிப் பாத்தவங்களே இல்லையான்னு கேக்கறே. பாத்திருக்காங்க. கபிலா ஹிங்கோரானின்னு ஒரு வக்கீலம்மா. 1979-ல பீகார் செயில்ல வெசாரணையே இல்லாமக் கெடந்தவங்களுக்காகச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன அதே அம்மா. பீகார்ல அரசாங்கக் கம்பெனிகள்ல வேலை பாத்தவங்களுக்கு மாசக்கணக்காச் சம்பளம் இல்ல. மாசக்கணக்குன்னா நாலு மாசத்துல இருந்து 94 மாசம் வரைக்கும். எட்டு வருசத்துக்கு ரெண்டு மாசம் கம்மி. பட்டினியில செத்தவங்களும் தற்கொலை பண்ணிக்கிட்டவங்களும் இருக்காங்கன்னு பத்திரிகையில வந்ததை எடுத்துட்டு அந்தம்மா கோர்ட்டுக்குப் போனாங்க. பீகார் கவர்மெண்ட்டு என்ன சொல்லிச்சுன்னு நான் சொல்லோணுமா? கம்பெனி வேற, நாங்க வேறன்னுச்சு. 2003-ல சுப்ரீம் கோர்ட்டு அதை ஒத்துக்கல. சனங்க உசுரோட இருக்கற உரிமை அரசமைப்புச் சட்டத்து 21-ஆம் பிரிவுல இருக்குது, கம்பெனித் திரைக்குப் பின்னால ஒளிஞ்சுக்க முடியாது, இப்போதைக்கு 50 கோடி ரூவாயைப் பாட்னா ஐகோர்ட்டுல கட்டுன்னு சொல்லிப்போடுச்சு.

கேக்கறப்பக் குளுகுளுன்னு இருக்குதில்ல? இரு, துள்ளாதே. அடுத்த பக்கத்தைப் படி. ‘எல்லாக் கம்பெனிக் கடனுக்கும் எப்பவும் அரசாங்கம் பொறுப்புன்னு நாங்க சொல்ல வரல, பட்டினிச் சாவு தற்கொலைன்னு இத்தனை பெரிய மனித உரிமைப் பிரச்சினை வந்ததால சொல்றோம்’னு அதே தீர்ப்புல ஒரு வரம்பும் கட்டிட்டாங்க. அப்ப உன்ற கட்சிக்காரம்மாவுக்கு எந்தப் பக்கம்? அவ மவனுக்கு ஒரு கால்தான் போயிருக்குது. ஊட்டுல இன்னம் சோறு வேகுது. திரையைத் தூக்கற அளவுக்கு அவ இன்னம் கஷ்டப்படல போல. இதை நான் எகத்தாளமாச் சொன்னாலும் நீ கோர்ட்டுல மரியாதையாச் சொல்லு: கடனைக் கட்ட வெக்கறதுக்குச் சனங்க எத்தனை தூரம் சாகோணும்னு ஒரு கணக்கு இருக்குதுங்களா எசமான்னு.

‘நிதி நெலமை சரியில்லைங்க’ன்னு எதிர்ப்பக்கம் எந்திரிச்சுச் சொல்லுவாங்க. நஷ்டத்துல ஓடுதுன்னும் சொல்லுவாங்க. நெசம்தான், ஓடுது. அதுக்கு ஒரு பழைய மருந்து இருக்குது. 1980-ல மத்தியப் பிரதேசத்து ரத்லம் முனிசிபாலிட்டி, சாக்கடை கட்டக் காசில்லன்னு சுப்ரீம் கோர்ட்டுல போயி அழுதுது. நீதிபதி கிருஷ்ணய்யர், காசில்லங்கற சாக்குச் சட்டத்துக்கு முன்னால செல்லாதுன்னு சொல்லி அனுப்பிட்டாரு. சாக்கடைக்கே செல்லாத சாக்கு, காலுக்கு எப்படிச் செல்லும்னு கேளு.

வெளிநாட்டுக் கதையும் நீதான் லேப்டாப்பைத் தட்டிச் சொன்னே. நான் மறக்கல, பாத்தியா. ஐரோப்பாவுல ஸ்ட்ராஸ்பர்க்னு ஒரு ஊர்ல மனித உரிமைக் கோர்ட்டு. செர்பியாவுல நோவி பசார்ங்கற ஊர்த் துணி ஆலையில சம்பளப் பாக்கி. உள்ளூர்க் கோர்ட்டுல தீர்ப்பாகியும் ஆலை கட்டல. ஆலை தனி, நாங்க தனின்னு நாடு சொல்லிச்சு. 2008-ல அந்தக் கோர்ட்டு, இந்த ஆலைக்கு அரசாங்கத்துப் புடியில இருந்து தனியா நிக்கற சுதந்திரம் இல்ல, அதனால நாடே தன்ற சொந்தப் பணத்துல கட்டோணும்னு சொல்லிச்சு. நல்ல கேள்வி பாரு: பேரு என்னன்னு கேக்கல, கடிவாளம் ஆரு கையிலன்னு கேட்டாங்க. இந்தக் கேள்வியை அவங்க அதுக்கும் முன்னால, 2004-லயே உக்ரைன்கிட்டக் கேட்டிருக்காங்க. செர்னோபில் பக்கம் வேலை செஞ்ச அரசாங்கக் கட்டுமானக் கம்பெனி, தொழிலாளிக சம்பளப் பாக்கி. ஜப்தி பண்ணலாம்னு போனா, கம்பெனி சாமானெல்லாம் அணு உலை வெடிச்ச எடத்துல இருக்குது. தனி அனுமதி இல்லாம ஒரு ஆணியை வெளிய எடுக்க முடியாது. ஜப்தி பண்ணப் போன அந்த ஊர் அமீனாவை நெனைச்சா எனக்கு இன்னம் சிரிப்பு அடங்கல. அத்தனை கஷ்டம் உனக்கில்ல சாமி. உன்ற பஸ்ஸுல மழை பேஞ்சா ஒழுகும், அவ்வளவுதான்.

ரஷ்யாவுல ஒருத்தரு, அதே செர்னோபில்லுல வேலை செஞ்சு ஒடம்பு கெட்டவரு. நஷ்டஈட்டுத் தீர்ப்பைக் கையில வெச்சுட்டு அலைஞ்சாரு. 2002-ல ஸ்ட்ராஸ்பர்க்குல, பணமில்லங்கறதைத் தீர்ப்புக் கடனைக் கட்டாததுக்குச் சாக்காச் சொல்லக் கூடாதுன்னு தீர்ப்பாச்சு. ஊரே கை தட்டுச்சு. அதே மனுசன் 2009-ல மறுபடியும் அதே கோர்ட்டுல போயி நிக்கறாரு, அடுத்தடுத்த தீர்ப்புக் காசும் வரலைன்னு. அத்தனை பெரிய கோர்ட்டுக்கே அந்தக் கதி. நம்ம நாடு அந்தக் கோர்ட்டுக்குக் கட்டுப்பட்டதுமில்ல. அதனால சாமானை மூட்டை கட்டி விமானம் ஏறாதே. நம்ம பஸ் ஸ்டாண்டுக்கு வா.

இப்ப நெசமான புத்திமதிக்கு வர்றேன். காபியை வெச்சுட்டுக் கேளு.

கட்டலைன்னா மோட்டார் வாகனச் சட்டத்து 174-ஆம் பிரிவுல ஒரு வழி இருக்குது. கோர்ட்டு கலெக்டருக்குச் சான்று அனுப்பும், அவரு நெலவரி பாக்கியை வசூல் பண்றாப்பல வசூல் பண்ணித் தரோணும். தண்டோராப் போட்டுச் சொல்லலாம், அருமையான ஏற்பாடு. கவர்மெண்ட்டு சம்பளம் வாங்கற கலெக்டரு, கவர்மெண்ட்டு கம்பெனிகிட்டப் போயி, கவர்மெண்ட்டு பணத்தைக் கட்டுங்கன்னு கடுதாசி போடோணும். அவங்க பதில் போடுவாங்க. இவரு நினைவூட்டல் போடுவாரு. நீ கண்ணாலம் கட்டி, உன்ற மவன் வக்கீலுக்குப் படிச்சு முடிக்கற வரைக்கும் அந்தக் கோப்பு நல்லா வளரும். அதுவும் நில எடுப்பு நஷ்டஈட்டுக் கேஸுகள்ல கலெக்டர் காரையும் ஆர்.டி.ஓ. ஆபீசு நாக்காலியையுமே ஜப்திக்குப் புடிக்கற காலம் இது. தன்ற நாக்காலியைக் காப்பாத்தவே அவருக்கு நேரம் பத்தாது.

அதனால நிறைவேற்று மனுப் போடு. இங்கதான் அந்தக் கம்பெனிப் பேரு உனக்கு ஒத்தாசை பண்ணும். எதிராளி கவர்மெண்ட்டாவே இருந்திருந்தா, உரிமையியல் நடைமுறைச் சட்டத்து 82-ஆம் பிரிவுப்படி தீர்ப்பாகி மூணு மாசம் நீ வாயைக் கட்டிட்டுக் காத்திருக்கோணும். இவங்கதான் கவர்மெண்ட்டு இல்லையே! அவங்களே சத்தியம் பண்ணிச் சொல்றாங்களே! அப்ப மூணு மாச மரியாதையும் கெடையாது. கம்பெனி சொத்தாச்சே பஸ்ஸு, தாராளமாப் புடிக்கலாம். அவங்க வெச்ச திரையிலயே அவங்க காலு மாட்டறது இந்த ஒரு எடத்துலதான். இதைத் தவற உட்டீன்னா நீ வக்கீலே இல்ல.

பேங்குக் கணக்கையும் முடக்கலாம், சட்டத்துல இருக்குது. படிச்சவங்க அதைத்தான் சொல்லுவாங்க. ஆனா பேங்குக் கணக்கு ரோட்டுல நிக்காது, பத்திரிகைக்காரரு போட்டோ எடுக்க மாட்டாரு, பாக்கறவங்க ஆரும் சிரிக்க மாட்டாங்க. பஸ்ஸுன்னா கதையே வேற. அமீனா பஸ் ஸ்டாண்டுல போயி நிப்பாரு. பஸ்ஸு வந்து நின்னதும் கண்ணாடியில கோர்ட்டுத் தாளை ஒட்டுவாரு. கண்டக்டர் பையைக் கக்கத்துல வெச்சுட்டு முழிப்பாரு. சனங்க பொட்டியும் பையுமா எறங்கி அடுத்த பஸ்ஸைத் தேடுவாங்க. அப்பறம் அந்த டிரைவரே பஸ்ஸைக் கோர்ட்டு வளாகத்துக்குள்ள ஓட்டிட்டு வந்து வேப்பமரத்தடியில நிறுத்துவாரு. அடுத்த நாள் காத்தால பேப்பர்ல படம். அன்னைக்குச் சாயங்காலமே டிப்போவுல இருந்து ஒருத்தர் ஃபைலைத் தூக்கிட்டு வேகுவேகுன்னு ஓடியாருவாரு. ஒரு பங்கு இப்பக் கட்டறோம், மீதிக்கு வாய்தா குடுங்கன்னு கேப்பாரு. அத்தனை வருசமா இல்லாத காசு ஒரு ராத்திரியில எங்கிருந்து மொளைக்குதுன்னு மட்டும் கேட்டுப் போடாதே. அவரு பாவம், கீழ் உத்தியோகம்.

மனுவுல சொத்து விவரம்னு எழுதற எடத்துல கவனம். சில எளந்தாரிக அவசரத்துல ஏதாச்சும் ஒரு பஸ் நெம்பரை எழுதிப் போடுவாங்க. அமீனா போயிப் பாத்தா அது தள்ளு வண்டி. படிக்கட்டு ஒரு பக்கம் தொங்கும், சீட்டுல பஞ்சு வெளிய எட்டிப் பாக்கும். அதைக் கோர்ட்டுல நிறுத்தினா டிப்போக்காரங்க மாலை போட்டு அனுப்பி வெப்பாங்க, எடம் காலியாச்சுன்னு. நீயே ஒருநா பஸ் ஸ்டாண்டுல உக்காந்து பாரு. புதுசா வந்தது எது, கூட்டம் ஏறறது எது, வசூல் வண்டி எதுன்னு தெரிஞ்சுக்கோ. நல்ல நாளு பெரிய நாளு பக்கத்துல வர்றப்பப் புடி. ஒரு பஸ்ஸு கொறைஞ்சாலும் மேல இருந்து போன் வர்ற நாளு அது. நெம்பரைத் தெளிவா எழுது, ஒரு எழுத்து மாறினா அமீனா திரும்பி வந்துருவாரு.

ஆனா ஒண்ணு. எறங்கி நிக்கற சனத்தையும் நெனைச்சுக்கோ மாப்ளே. கோட்டையில இருக்கறவங்க ஆரும் அந்தப் பஸ்ஸுல போறதில்ல. கைப்புள்ளையோட நிக்கறவ, ஆஸ்பத்திரிக்குப் போற கெழவன், மில்லு வேலைக்கு நேரமாச்சுன்னு தவிக்கறவன், இவங்கதான் எறங்குவாங்க. கால் போனவன் ஒரு பக்கம், பஸ்ஸு போனவங்க ஒரு பக்கம். ரெண்டு பேருக்கும் நடுவுல கடனைக் கட்டவேண்டியவங்க நிழல்ல உக்காந்திருப்பாங்க. அதனால பஸ்ஸைக் காத்தாலப் பள்ளிக்கூட நேரத்துல புடிக்காதே. கடைசி டிரிப்பு முடிஞ்சு டிப்போவுக்குத் திரும்பறப்பப் புடிச்சா அமீனாவுக்கும் தூக்கம் கெடும், சனத்துக்கும் பாவம் இல்ல.

வட்டியையும் உட்டுப்போடாதே. விபத்துக் கேஸுக்கு நம்ம பக்கம் சாதாரணமாப் போடறது ஏழரை வட்டி. ஏழரைன்னதும் சனீஸ்வரன் ஞாபகம் வருதில்ல? புடிச்சா லேசுல உட மாட்டான். 12 லட்சத்துக்கு வருசத்துக்கு 90,000 ரூவா. ஒரு நாளைக்கு 246 ரூவா சொச்சம். கட்டாம இழுக்கற ஒவ்வொரு நாளும் அதைக் கட்டறது ஆரு? மேனேஜர் பாக்கெட்டுல இருந்தா குடுக்கறாரு? நீயும் நானும் உங்கத்தையும் வாங்கற உப்புல புளியில இருந்து போற காசு. அப்பீல் போனாலும் பாரு, 173-ஆம் பிரிவுல மொதல்ல கட்டவேண்டியது 25,000 ரூவா, இல்ல பாதித் தொகை, ரெண்டுல எது கம்மியோ அது. தடை வேணும்னா ஐகோர்ட்டு மேல கொஞ்சம் கட்டச் சொல்லும். அப்பீல் போறவனுக்கு வட்டி கைக்காசு இல்லாததால மனசு வலிக்கறதில்ல.

கடைசியா, அந்த 146-ஆம் பிரிவுப் பூட்டு. நிதி வெச்சுப் பராமரிச்சாத்தான் இன்சூரன்ஸ் விலக்குன்னு சொன்னேனே. எல்லாரும் பஸ்ஸைப் புடிக்க ஓடறாங்க, அந்த நிதி எங்கன்னு ஒருத்தனும் கேக்கறதில்ல. நிதி இருந்தா எடுத்துக் குடுங்க. இல்லைன்னா எந்த மூஞ்சியோட விலக்கை வெச்சுட்டிருக்கீங்க? விலக்குக் குடுத்தது கம்பெனி இல்லையே, கவர்மெண்ட்டுதானே. அப்ப நிதி இல்லாத கம்பெனிக்கு விலக்குக் குடுத்து ரோட்டுல உட்ட தப்பு ஆருதுன்னு கேஸு திரும்பும். பீகார்க் கதையில இருக்கற வரம்பைத் தாண்டாமயே திரைக்குள்ள நுழைய எனக்குத் தெரிஞ்சு இருக்கற சந்து அதுதான். பெரிய வக்கீலுக கேட்டாச் சிரிப்பாங்க, சிரிக்கட்டும். நீ தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனுப் போடு: நிதியோட பேரு என்ன, எந்த பேங்குல இருக்குது, போன வருசக் கடைசியில இருப்பு எவ்வளவு, கட்டாத தீர்ப்பு எத்தனை. 30 நாளைக்குள்ள பதில் தரோணும், இந்த 30 நாளும் எந்த வருசத்து 30 நாளோ, அது வேற. பதில் வரலைன்னா மேல்முறையீடு போடு. உங்கிட்டச் சில்லறை இல்லைன்னா மனுவுக்கு உண்டான பத்து ரூவா ஸ்டாம்பை நானே வாங்கித் தர்றேன். ஆனா சும்மா இல்ல, நோட்டுல பேரு போட்டு எழுதி வை, எனக்கும் ஏழரை வட்டிதான்.